கல்யாணம் எப்போது?

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுத்த வீட்டுப் பெண் வந்தாள். வழக்கமாக வாசற்படியில் கால் வைக்கும்போதே, "மாமி, காப்பி வாசனை தெருக்கோடி வரைக்கும் வருகிறதே!" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவள், அன்று பேசாமல் வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். கையிலே சர்ட்டிபிகேட் பை. முகத்திலே வாட்டம்.

"என்னடி, இண்டர்வியூ சரியாக இல்லையா?" என்று கேட்டேன்.

"இண்டர்வியூ நன்றாகத்தான் இருந்தது, மாமி. கணக்கு விஷயமாக இரண்டு கேள்வி கேட்டார்கள். இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். அப்புறம் கல்யாண விஷயமாக நாலு கேள்வி கேட்டார்கள்."

"கல்யாண விஷயமாகவா?"

"ஆமாம். கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகவில்லையென்றால் எப்போது? மாப்பிள்ளை வெளியூர்க்காரராக இருந்தால் வேலையை விட்டுவிடுவாயா? குழந்தை பிறந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்?"

அவளோடு கல்லூரியில் ஒன்றாகப் படித்த பையன் ஒருவனும் அதே வேலைக்கு வந்திருந்தானாம். அவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. அவனை ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்!

"புதன்கிழமை இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள், மாமி. எனக்குத் தை மாதம் முகூர்த்தம் வைத்திருக்கிறது. அதை மறைத்துவிடட்டுமா? நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் என்ன?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தோன்றவில்லை. "காப்பி ஆறுகிறது, முதலில் அதைக் குடி" என்று மட்டும் சொன்னேன். அவள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லி வளர்க்கிறோம். ஆனால் உண்மையைச் சொன்னால் வாயில் வந்த கவளம் போய்விடும் என்கிற நிலைமையில் ஒரு பெண்ணை நிறுத்துவது யார்? அந்தக் கேள்வி இன்று நேற்று முளைத்ததா? இல்லை. அது ரொம்பப் பழைய கேள்வி. அதற்குச் சரித்திரமே உண்டு.

* * *

1951-ஆம் வருஷம். சென்னை சர்வகலாசாலையில் படித்த அன்னா ராஜம் ஜார்ஜ் என்ற பெண் ஐ.ஏ.எஸ். பரீட்சையில் தேறினார். இண்டர்வியூ செய்த பெரியவர்கள் அவருக்கு உபதேசம் செய்தார்கள். "ஜில்லா நிர்வாகமெல்லாம் உங்களுக்கு எதற்கு? பெண்களுக்கு ஏற்றதாக வேறு சர்வீஸ்கள் இருக்கின்றனவே" என்பது அதன் சாராம்சம். அவர் கேட்கவில்லை, ஐ.ஏ.எஸ்.தான் வேண்டும் என்றார். அதுவும் சென்னை ராஜ்யத்தில்தான் வேண்டும் என்றார். கிடைத்தது. உத்தரவும் வந்தது. அந்த உத்தரவிலே ஒரு வாசகம்: விவாகமானால் உத்தியோகம் முடிந்துவிடும்!

அப்போது இங்கே முதல் மந்திரியாக இருந்தவர் ராஜாஜி. பெண்ணை ஜில்லாவுக்கு அனுப்பலாமா என்று அவருக்கே தயக்கம். செக்ரடேரியட்டில் ஒரு நாற்காலியைக் காட்டினார். அன்னா ராஜம் விடவில்லை. வாதாடி, ஹோசூருக்கு சப் கலெக்டராகப் போனார். ஒரு சமயம் ஆறு காட்டு யானைகள் கிராமத்துக்குள் வந்துவிட்டன. சுட்டுத் தள்ள உத்தரவு போடலாம் என்றார்கள். அவருக்கு மனசு வரவில்லை. சுடாமலேயே அவற்றைக் காட்டுக்குத் திருப்பி அனுப்ப வழி செய்தார். ஆறு யானைகளைச் சமாளிக்கத் தெரிந்த பெண்மணிக்கு ஒரு புருஷனையும் ஒரு கலெக்டர் ஆபீஸையும் சேர்த்துச் சமாளிக்கத் தெரியாது என்று சர்க்கார் நினைத்தது, பாருங்கள்!

நல்ல வேளையாக அந்த விதி பின்னால் மாறியது. அவர் கல்யாணமும் செய்துகொண்டார். பம்பாய் அருகே நவ ஷேவா துறைமுகம் உருவாவதற்குப் பொறுப்பாக இருந்து, 1989-ல் பத்ம பூஷண் விருதும் பெற்றார். 2018-ல் காலமானார்.

இன்னொருவர் குடகு நாட்டைச் சேர்ந்த முத்தம்மா. நம் சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1949-ல் வெளிநாட்டு சர்வீஸில் சேர்ந்த முதல் பெண்மணி. சேரும்போதே, விவாகம் செய்துகொண்டால் ராஜிநாமா செய்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1961-ல் எழுதிய சர்வீஸ் விதிகளிலோ, பெண் உத்தியோகஸ்தர் விவாகத்துக்கு முன் சர்க்காரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும் என்று இருந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் சம்மதித்து, மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்து, ஜாதகமும் பொருந்திய பிறகு, டில்லியில் ஒரு பைலும் பொருந்த வேண்டும்!

முத்தம்மா 1970-ல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனார். ஆனாலும் அதற்கு மேற்பட்ட பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது, பெண் என்பதற்காகவே ஒதுக்குகிறார்கள் என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1979-ல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் முன் வழக்கு வந்தது. வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் சர்க்கார் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. அனுமதி விதியையும் எடுத்துவிட ஏற்பாடு செய்துவிட்டது. அதனால் வழக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனாலும் நீதிபதி சும்மா விடவில்லை. சம்சார பாரம் பெண் உத்தியோகஸ்தரின் வேலைக்கு இடைஞ்சல் என்றால், ஆண் உத்தியோகஸ்தருக்கு மட்டும் சம்சாரம் இல்லையா என்று கேட்டு, இந்த மாதிரி விதிகளையெல்லாம் அலசிப் பார்த்துத் திருத்தும்படி சர்க்காருக்குச் சொன்னார்.

அந்தக் கேள்வியைத்தான் எங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணும் கேட்கிறாள்.

* * *

"இதெல்லாம் பெரிய உத்தியோகம். சாதாரண வேலைக்குப் போகிறவர்களுக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். அவர்களுடைய கதையும் இருக்கிறது.

பம்பாயில் ஒரு மருந்துக் கம்பெனி. பாக்கெட் போடும் இலாகாவில் பெண்கள் வேலை செய்தார்கள். கல்யாணமானால் அன்றைக்கே வேலை போய்விடும் என்பது விதி. கல்யாணமான பெண்கள் அடிக்கடி லீவு போடுவார்கள் என்பது முதலாளியின் வாதம். தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. 1965-ல் சுப்ரீம் கோர்ட் அந்த விதியைச் செல்லாதென்று தள்ளியது. கல்யாணமானவர்கள் அதிகமாக லீவு போடுகிறார்கள் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கோர்ட் கேட்டது. வித்தியாசம் இருந்தால் பிரசவ லீவு ஒன்றுதான். அதற்குச் சில பேரை உபரியாக வைத்துக்கொண்டால் போயிற்று என்றது. முகூர்த்தம் பார்த்துத் தாலி கட்டிக்கொண்ட குற்றத்துக்காக வேலை போன பெண்கள் எத்தனை பேரோ! அறுபது வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன வழக்கு இது. கேள்வி மட்டும் முடியவில்லை.

ஆகாய விமானத்தில் வேலை பார்த்த பெண்களின் கதை இன்னும் வேடிக்கை. ஏர் இந்தியாவில் ஆண் பணியாளருக்கு 58 வயது வரை உத்தியோகம். பெண்ணுக்கு 35 வயது. அதற்குள்ளும், சேர்ந்த நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்துகொண்டால் வேலை போயிற்று. முதல் பிரசவத்துக்கு உண்டானாலும் போயிற்று. 1981-ல் சுப்ரீம் கோர்ட், கர்ப்பமானால் வேலை போகும் என்ற விதியை இந்தியப் பெண்மைக்கே அவமதிப்பு என்று சொல்லி ரத்து செய்தது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் மானேஜிங் டைரக்டரின் இஷ்டம் என்று இருந்ததையும் தள்ளியது. ஆனால் நாலு வருஷம் கல்யாணம் கூடாது என்ற விதி நியாயந்தான் என்று விட்டுவிட்டது. கோர்ட்டுகூட ஒரே மூச்சில் எல்லாப் படியையும் ஏறிவிடுவதில்லை.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பம்பாயில் ஒரு பெரிய கம்பெனியில் ஸ்டெனோகிராபர்கள் இருந்தார்கள். ஆண்களுக்கு ஒரு சம்பளம். பெண்களுக்கு, செய்வது அதே மாதிரி வேலைதான், குறைந்த சம்பளம். சம வேலைக்குச் சம சம்பளம் என்ற சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஒரு பெண் ஸ்டெனோகிராபர் துணிந்து வழக்காடினார். சங்கத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது என்றது கம்பெனி. கூடக் கொடுக்க எங்களுக்குச் சக்தி இல்லை என்றது. 1987-ல் சுப்ரீம் கோர்ட் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. கம்பெனிக்குக் கஷ்டம் என்றால் அந்தக் கஷ்டத்தைப் பெண்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?

* * *

கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். ஏ. லலிதா என்ற பெண். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கைம்மை. கையிலே நாலு மாதக் குழந்தை. அவருடைய தகப்பனார் பப்பு சுப்பா ராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். மகளை மூலையில் உட்கார வைக்காமல் கல்லூரியில் சேர்த்தார். லலிதா மின்சார என்ஜினீயரிங் படித்து 1943-ல் பட்டம் பெற்றார். பட்டம் கொடுக்கும்போது பார்த்தால், சர்ட்டிபிகேட் முழுக்க ஆண்பாலில் அச்சடித்திருந்தது! ஒரு பெண் அங்கே பட்டம் வாங்க வருவாள் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. இங்கிலீஷில் 'அவன்' என்று இருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு, 'அவள்' என்று எழுதிக் கொடுத்தார்களாம்.

நம் தமிழில் 'அவர்' என்று மரியாதையாக ஒரு வார்த்தை இருக்கிறது. ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். அடித்து எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பாஷையில் இருக்கிற மரியாதை காரியத்தில் இருக்க வேண்டாமா?

ஏனென்றால் நம் காரியாலயங்கள் எல்லாமே அந்தச் சர்ட்டிபிகேட் மாதிரிதான். ஆணை நினைத்து அச்சடித்தவை. அதுவும் எப்படிப்பட்ட ஆண்? காலையில் காப்பி, டிபன், சலவைச் சட்டை எல்லாம் கைக்கு வந்து சேருகிற ஆண். குழந்தைக்கு ஜுரம் வந்தால் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருத்தி இருக்கிற ஆண். சாயங்காலம் ஆறு மணிக்கு மானேஜர் "ஒரு மீட்டிங்" என்றால், அடுப்பைப் பற்றி நினைக்காமல் "ஆகட்டும் ஸார்" என்று சொல்லக்கூடிய ஆண். அந்த அளவுக்குத் தைத்த சட்டையைப் பெண்ணுக்குப் போட்டுவிட்டு, "உனக்குப் பொருந்தவில்லையே!" என்றால் யார் தப்பு?

அடித்துத் திருத்துகிற வேலை கொஞ்சம் கொஞ்சமாக நடந்துதான் வருகிறது. பன்னிரண்டு வாரமாக இருந்த பிரசவ லீவை 2017-ல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டு சர்க்காரில் உத்தியோகம் பார்க்கும் பெண்களுக்கு 2021 முதல் ஒரு வருஷம் லீவு. அதே 2021-ல் இங்கே சட்டசபையில் இன்னொரு சட்டமும் வந்தது. கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்காருவதற்கு ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற சட்டம். தீபாவளிக்குப் புடைவை எடுக்கப் போகிறோம். நாம் ஸ்டூலில் சாய்ந்துகொண்டு ஐம்பது புடைவையைப் பிரிக்கச் சொல்கிறோம். எதிரே நிற்கிற பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறாளே என்று நமக்குத் தோன்றிற்றா? சட்டம் போட்டுத்தான் அவளுக்கு ஒரு நாற்காலி வந்தது. அடுத்த தடவை ஜவுளிக் கடைக்குப் போனால் அந்த நாற்காலி இருக்கிறதா என்று கொஞ்சம் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். கடைக்காரர் கோர்ட்டுக்குப் பயப்படுகிறாரோ இல்லையோ, வாடிக்கைக்காரருக்குப் பயப்படுவார்.

சம்பளச் சட்டமும் புதிதாகிவிட்டது. 1976-ஆம் வருஷத்துச் சட்டம் 2019-ல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. அது 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. சம்பளத்தில் மட்டுமல்ல, வேலைக்கு ஆள் எடுப்பதிலும் ஆண், பெண் என்று பேதம் பாராட்டக்கூடாது என்கிறது அது. ஆபீஸில் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொள்பவர்களைப் பற்றிய 2013-ஆம் வருஷத்துச் சட்டம் வேறு இருக்கிறது. அது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். இன்னொரு வாரம் பார்ப்போம்.

* * *

முதலாளிகள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் சின்ன அச்சாபீஸ் நடத்துகிறார். "இருபத்தாறு வாரச் சம்பளம் நான் கொடுக்க வேண்டும், அந்த இடத்துக்கு இன்னொருவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். நான் தர்மசத்திரமா நடத்துகிறேன்?" என்று கேட்டார். அவர் கெட்டவர் அல்ல. கணக்குப் போடுகிறார். இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளிகளுக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுத்துவிடுகிறது. மற்றவர்களுக்கு முழுச் செலவும் முதலாளி தலையில்தான். ஆகவே, பெண்ணுக்கு நன்மை செய்ய வந்த சட்டமே, பெண்ணை எடுக்காமல் இருப்பதற்குச் சாக்காகவும் ஆகிவிடுகிறது. இந்தச் செலவை ஊரெல்லாம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பிறக்கிற குழந்தை அம்மாவுக்கு மட்டுமா குழந்தை? நாளைக்கு வரி கட்டப் போகிற பிரஜை அல்லவா?

இன்னொரு வழியும் உண்டு. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தரான தகப்பனாருக்குக் குழந்தை பிறந்தால் பதினைந்து நாள் லீவு உண்டு. பதினைந்து நாள் சொற்பந்தான். ஆனால் எல்லாத் தகப்பனாரும் கணிசமாக லீவு எடுக்கிற காலம் வந்தால், இண்டர்வியூவில் அந்த நாலு கேள்வியையும் பையனிடமும் கேட்க வேண்டி வரும். அப்புறம் யாரிடமும் கேட்க மாட்டார்கள்!

ஆனால், சகோதரிகளே, முதலாளியைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2024-ல் மத்திய சர்க்கார் எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாள் ஒன்றுக்குச் செலவிடுவது 289 நிமிஷம். ஆண்கள் 88 நிமிஷம். ஏறக்குறைய ஐந்து மணிக்கு எதிராக ஒன்றரை மணி. இந்தக் கணக்கை எந்த மானேஜரும் எழுதவில்லை. நம் சமையலறையில் நாமே எழுதியது.

"பிள்ளை கரண்டி பிடிக்கக்கூடாது" என்று சொல்லி வளர்த்தது யார்? நாம்தான். மருமகள் ஆபீஸிலிருந்து வருவதற்கு அரை மணி தாமதமானால் கடிகாரத்தைப் பார்ப்பதும், மகன் இரண்டு மணி தாமதமானால் "பாவம், என்ன வேலையோ!" என்பதும் நாம்தான். பேரக் குழந்தைக்கு இருமல் வந்தால், "வேலையை விட்டால்தான் என்ன?" என்று மருமகளைப் பார்த்துச் சொல்லுகிறோமே தவிர, மகனைப் பார்த்து, "இன்று நீ லீவு போடேன்" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? இண்டர்வியூ அறையில் கேட்ட நாலு கேள்வியும் அங்கே பிறந்தவை அல்ல. நம் கூடத்தில் பிறந்து, பஸ் ஏறி அங்கே போனவை.

* * *

செவ்வாய்க்கிழமை ராத்திரி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "மோதிரத்தைக் கழற்றாதே. பொய்யும் சொல்லாதே. பொய்யோடு உள்ளே போனால் தை மாதம் வரைக்கும் பயந்துகொண்டே இருக்க வேண்டும். கேட்டால் உள்ளதைச் சொல். அதோடு, இந்த வேலைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன பொறுப்பு என்று நீயும் கேள். உன் யோக்கியதையைப் பற்றிப் பேச்சைத் திருப்பு. வேலைக்குச் சேர்ந்தால் உத்தரவுக் காகிதத்தை வரிக்கு வரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. கல்யாணமானால் வேலை போய்விடும் என்று ஒரு நிபந்தனை இருந்தால், அப்படிப்பட்ட ஒரு விதியை 1965-லேயே கோர்ட் தள்ளியிருக்கிறது" என்றேன்.

புதன்கிழமை போனாள். அதே கேள்வி வந்ததாம். "தை மாதம் எனக்குக் கல்யாணம். ஒரு வாரம் லீவு வேண்டும். அவருக்கும் அவருடைய ஆபீஸில் அதே ஒரு வாரந்தான்" என்று சொன்னாளாம். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் சிரித்தாராம். இன்னொருவர் காகிதத்தில் என்னவோ எழுதிக்கொண்டாராம்.

வேலை கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? கிடைக்கவில்லை. அந்தக் கம்பெனியிலிருந்து இன்று வரை தகவல் இல்லை. அந்தப் பையன் சேர்ந்துவிட்டான். எனக்கு மனசு என்னவோ செய்தது. 'மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போ என்று சொல்லியிருக்கலாமோ?' என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிற்று.

ஆனால் நேற்று சாயங்காலம் அவள் மறுபடி வந்தாள். வாசற்படியிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வந்தாள். அடுத்த திங்கட்கிழமை வேறோர் இடத்தில் இண்டர்வியூ. அதைவிட இன்னொரு சமாசாரம். மாப்பிள்ளையின் தாயார் போனில் பேசினாராம். "என்னம்மா, வேலை விஷயம் என்ன ஆயிற்று?" என்று விசாரித்துவிட்டு, "உனக்கு வேலை எந்தப் பக்கம் கிடைக்கிறதோ, அந்தப் பக்கமே வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறேன் அவனிடம். அவனுக்குச் சாம்பாரும் ரசமும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ரசம் வந்துவிட்டது, சாம்பார்தான் இன்னும் வரவில்லை" என்றாராம்.

நான் அந்த அம்மாளைப் பார்த்ததில்லை. தை மாதம் கல்யாணத்தில் பார்க்கும்போது, முதல் காரியமாக அவருக்கு ஒரு நமஸ்காரம் செய்யப் போகிறேன்.